பக்கத்து நிரை

குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அக்கா மட்டும் அதைக் கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "பக்கத்துல யாரு?" என்றார்.

"தெரியாதுக்கா."

"மூணு நாளா படுத்துக் கெடக்க. தெரியாதுன்னா என்னா அர்த்தம்?"

அவர் அதற்குள் பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த ஆள் பொகவந்தலாவைப் பக்கம், மழைத்தண்ணீர்க் கானுக்குள் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவர், மகள் கொழும்பில் வேலை, பார்க்க வர ஒருவருமில்லை என்பதெல்லாம் தெரிந்துகொண்டு திரும்பி வந்தார். எனக்கென்று அம்மா கொடுத்தனுப்பிய சூப்பில் பாதி அங்கே போயிற்று. புறப்படும்போது அந்த ஆளிடம், "இவனுக்குத் தையல் போட்டிருக்கு, எந்திரிக்கப் பாத்தா சத்தம் போடுங்க" என்றார். என்னிடம், "அவருக்குத் தண்ணி எட்டாது, எந்திரிச்சு ஊத்திக் குடு" என்றார். எழுந்தால் அவர் கத்துவார், எழாவிட்டால் அக்கா கத்துவார். எனக்கு வந்த கோபத்தில் தையல் பிரியாமல் இருந்தது பெரிய காரியம்.

அக்கா என்றே எழுதுகிறேன், பெயர் வேண்டாம். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். கீழே உள்ள பணிய லயத்தில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவருடையது. லயம் என்றால் ஒரே தகரக் கூரை, அதன் கீழே வரிசையாகக் காம்பராக்கள், ஒரு அறைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு சுவர். அவர் அங்கே இருமினால் இங்கே என் அம்மா தண்ணீர் சுடவைப்பார். கட்டையான உருவம். வெயிலோ மழையோ, யாரோ ஒரு ஆணுக்கு அளவெடுத்த மழைக்கோட்டு ஒன்றைப் போட்டிருப்பார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. சோறுகூட நின்றுகொண்டே சாப்பிடுவார். பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நம்மை பஸ் ஏற்றிவிட வந்தால் அதைவிட மோசம். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு நம் பக்கத்து இருக்கைக்காரரிடம், "நீங்க எதுவரைக்கும்?" என்று கேட்பார். அவர் ஊரைச் சொன்னதும், "அப்ப அதுவரைக்கும் இந்தப் புள்ளயப் பாத்துக்கங்க" என்பார். நம் வயது முப்பதாக இருந்தாலும் அவருக்கு அது பொருட்டில்லை. வெட்கத்தில் நமக்கு முகம் சுருங்கிப் போகும்.

இது தொற்று வியாதி. இப்போது கொழும்பில் ஒரு அறையில் இருக்கிறேன். குடிவந்த அன்றைக்குப் பக்கத்து அறையில் யார் என்று விசாரிக்காமல் விட்டுவிட்டேன். என்னவோ அடுப்பை அணைக்காமல் வந்தவன் மாதிரி மனம் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் போய்க் கதவைத் தட்டினேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அக்கா ஏன் இப்படி என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். அக்காவின் புருஷன் கொழும்பில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்தவர். கடைக்குப் பின்னால் சாமான் அறையிலேயே படுக்கை. ஒரு நீண்ட விடுமுறைக்குக் கடையை அடைத்துவிட்டு எல்லாரும் ஊருக்குப் போனபோது, இவர் மட்டும் அங்கேயே தங்கினார். திரும்பி வந்து கதவைத் திறந்தவர்கள்தான் பார்த்தார்கள். நெஞ்சு வலி என்றார்கள். எப்போது போனார் என்று சொல்ல ஆளில்லை. "செத்துட்டாருன்னு அழுவல அவ. பக்கத்துல யாருமே இல்லயான்னு கேட்டுக் கேட்டுத்தான் அழுதா" என்றார் அம்மா. அந்த மழைக்கோட்டு அவருடையது.

மலையில் கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை. இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கங்காணி நிரை பிரித்துக் கொடுப்பார். ஆனாலும் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது எங்கள் தோட்டத்தில் எப்போதோ முடிவாகிப்போன விஷயம். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே என் அம்மாவின் நிரைக்கு அடுத்தது அக்காவின் நிரை. கூடை பாரமானால் ஒருவருக்கு ஒருவர் தூக்கிவிடுவார்கள். அட்டை கடித்தால் பிடுங்கிப் போடுவார்கள். என்னை அம்மா வயிற்றில் சுமந்தபோது, அம்மா தவறவிட்ட கொழுந்தையெல்லாம் அக்கா கைநீட்டி எடுத்து அம்மா கூடையில் போட்டாராம். அந்தக் கணக்கில் நான் அவருக்குக் கடன்பட்டவன் என்று அம்மா சொல்லிக் காட்டுவதுண்டு.

ஒருநாள் கண்டாக்கு ஐயா வந்தார். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மேலே, துரைக்குக் கீழே இருக்கிற வெளிக்கள உத்தியோகத்தர். காட்டோரமாக ஒரு துண்டு மலை கொழுந்து எடுக்காமல் விட்டுப்போயிருந்தது. அதை முடிக்க ஒரு ஆளைத் தனியாக அனுப்பச் சொன்னார். கங்காணி கை காட்டியது காது கேட்காத ஒரு பெண்ணை. அந்தக் காட்டோரத்தில் குளவிக்கூடு இருந்தது எல்லாருக்கும் தெரியும். குளவி கிளம்பினால் மற்றவர்கள் கத்துவார்கள், ஓடிவிடலாம். காது கேட்காதவள் என்ன செய்வாள்?

அக்கா தன் நிரையை விட்டு வெளியே வந்து, "அவளுக்குப் பக்கத்துல ஆளு வேணுங்க" என்றார்.

"ஒன்ன நான் கேட்டேனா? ஒன் நெரைக்குப் போ."

"போறேங்க. அவளும் வரட்டும், போறேன்."

"நான் சொல்றத கேப்பியா மாட்டியா?"

"கேக்க மாட்டேங்க" என்று அக்கா மரியாதையாகவே சொன்னார். சொல்லிவிட்டு அந்தப் பெண்ணின் பின்னாலேயே காட்டோரத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். அதாவது பாதிச் சம்பளம். குளவி வந்ததா என்றால் வரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கங்காணி, "அரப்பேரு போனதுதான் மிச்சம், குளவியும் வரல ஒண்ணும் வரல" என்று கேலி செய்தார். "வரலன்னா நல்லதுதானேங்க" என்றார் அக்கா. இந்தக் கதையை அவர் மகன் சசி நூறு முறையாவது எல்லாரிடமும் சொல்லியிருப்பான். ஒவ்வொரு முறையும் கண்டாக்கு ஐயாவின் மீசை கொஞ்சம் பெரிதாகும்.

சசி ஒரே பிள்ளை. நுவரெலியாவில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். மா விலை ஏறி, காஸ் இல்லாமல், நாடே வரிசையில் நின்ற காலத்தில் பேக்கரியை மூடிவிட்டார்கள். லயத்துக்குத் திரும்பி வந்தவன் இஸ்தோப்புத் திண்ணையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்போதுதான் ஒரு ஏஜென்சிக்காரன் வந்து சேர்ந்தான். சண்டை நடந்துகொண்டிருந்த ஒரு குளிர் நாடு. அதன் பெயரை எழுதினால் இது பத்திரிகைச் செய்தியாகிவிடும். அந்த நாட்டு ஆமி முகாமில் குசினியில் சமையல் வேலை, துவக்கு, துப்பாக்கி என்று எதையும் தொடவே வேண்டியதில்லை என்றான். அக்கா ஒரே ஒரு முறை "போகாதய்யா" என்றார். சசி கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பக்கத்துல யாரு போறா?"

ஏஜென்சிக்காரன் எல்லாரையும் நானுஓயா ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தான். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நோர்வூட்டில் எனக்கு ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. போன் ரீலோட், போட்டோக்கொப்பி, உடைந்த போன் திருத்துவது, எல்லாம் அதில்தான். அன்றைக்குக் கடையை மூடவைத்துவிட்டார். பிளாட்போர்மில் போகிற பையன்கள் கும்பலாக நின்றார்கள். அக்கா ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். கொழுந்து மடுவத்தில் கணக்கப்பிள்ளை கூடை பார்ப்பதுபோலத்தான் இருந்தது. கடைசியில் ஒருவன் முன்னால் நின்றார். மற்றவர்களைவிட வயது கூடியவன், பையை ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தான், நேராக நின்றான். பெயர் நிமல், ஊர் வலப்பனை. நம் நாட்டு ஆமியில் கோப்ரலாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் கடன் கழுத்தை நெரித்ததால் கிளம்பியிருந்தான்.

எங்கள் பக்கத்தில் சிங்களம் பேசாதவர் கிடையாது. அக்கா சிங்களத்திலேயே பேசினார். மல்லி என்றார், அவர்கள் வழக்கில் தம்பி. நிமலின் கையைப் பிடித்துச் சசியின் தோளில் வைத்து, "இவன் பக்கத்துலயே இரு" என்றார். நிமல் சிரித்துவிட்டு, "சரி அக்கே" என்றான். அக்கா சிரிக்கவில்லை. ரயில் வரும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

குசினி என்று ஒன்று அங்கே இருந்ததாம். அதில் ஏற்கனவே ஆள் இருந்ததாம். இரண்டே வாரத்தில் சசியின் கையில் துவக்கு. இதை அவன் குரல் செய்தியில் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னான். செய்தி என் போனுக்கு வரும். அக்கா வேலைவிட்டுக் கூடையோடு கடைக்கு வருவார். நான் போட்டுக் காட்டுவேன். முடிந்ததும், "இன்னொருக்கா" என்பார். ரீலோட்டுக்கு வந்த ஆட்கள் வாசலில் நிற்பார்கள். எனக்குப் பொறுமை என்பது அவ்வளவாகக் கிடையாது. ஆனால் அந்த மழைக்கோட்டைப் பார்த்தால் ஒன்றும் சொல்லத் தோன்றாது.

இவர் அனுப்பும் ஒவ்வொரு குரல் செய்தியிலும் பக்கத்தில் யார் என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் சசி ஆமி எப்படி அமைந்திருக்கிறது என்று ஒரு பாடமே அனுப்பினான்.

"அம்மா, நம்ம தோட்டம் மாதிரித்தான். பத்துப் பேரு சேந்தா ஒரு செக்ஷன். அதுக்கு ஒரு கோப்ரல், நம்ம கங்காணின்னு வச்சுக்க. மூணு செக்ஷன் ஒரு பிளட்டூன். அதுக்கு ஒரு சின்ன ஆபீசரு, அவரு கணக்கப்புள்ள. மூணு பிளட்டூன் சேந்தா ஒரு கொம்பனி. அத ஒரு கெப்டன் பாப்பாரு, அவருதான் கண்டாக்கு. நாலஞ்சு கொம்பனி ஒரு பட்டாலியன். அதுக்கு ஒரு கேர்ணல். தொரை! நாங்க அவர ஒருவாட்டி தூரத்துல பாத்தோம். அதுக்கு மேல பிரிகேட்டு, டிவிஷன்னு போய்க்கிட்டே இருக்கும்மா. அதெல்லாம் கொழும்புல இருக்க பெரிய ஆளுங்க மாதிரி. நம்ம கண்ணுக்குத் தெரியாது."

அக்கா இதை ஐந்தாறு முறை கேட்டார். பிறகு என்னிடம் சுரண்டிப் போட்ட ரீலோட் கார்டுகளைக் கேட்டார். பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தேன். கண்ணாடி மேசையில் பத்துக் கார்டைப் பரப்பினார். ஒன்று சசி. அதற்கு இடது பக்கம் ஒன்று, நிமல். அப்புறம் இன்னொரு பத்து, இன்னொரு பத்து. பிளட்டூன் ஆயிற்று. மேசை நிறைந்துவிட்டது. கொம்பனிக்கு வாசல் பெஞ்சைப் பிடித்தார். வந்திருந்த ஆட்களை எழுப்பி விட்டுத்தான். பட்டாலியன் தொடங்கும்போது டின் காலியாகிவிட்டது.

"தம்பி, இம்புட்டுப் பேரையும் ஒரு ஆளு எப்புடிப் பாப்பான்?"

"ஒரு ஆளு பாக்க மாட்டான்க்கா. அதுக்குத்தானே இப்புடிப் பிரிச்சு வச்சிருக்காங்க. அவனவனுக்குக் கீழ இருக்க மூணு நாலு பேர மட்டும் பாத்தாப் போதும். அவங்க அவங்களுக்குக் கீழ உள்ளவங்களப் பாப்பாங்க."

"அப்ப அந்தத் தொரைக்கு எம்புள்ளயத் தெரியாது."

"தெரியாது."

"கண்டாக்குக்கு?"

"தெரியாதுக்கா. மூஞ்சி வேணும்னா தெரிஞ்சிருக்கும்."

"பக்கத்துல இருக்கவனுக்குத் தெரியும்."

"நல்லாவே தெரியும்."

உடனே பெஞ்சில் இருந்த கொம்பனியையும் மேசையில் இருந்த பிளட்டூனையும் இரண்டு கையாலும் வாரி டின்னுக்குள் போட்டார். பத்துக் கார்டு மட்டும் மிஞ்சியது. அந்தப் பத்துப் பேரின் பெயரையும் சசியிடம் கேட்டு வாங்கினார். சசி, நிமல், காலிப் பக்கத்துச் சமிந்த. பிஷ்ணு, தேக் என்று நேபாளத்துப் பையன்கள் இரண்டு பேர். அந்த நாட்டுக்காரர்களின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. சசி சொன்ன அடையாளத்தை வைத்துச் செவலையன், பல்லன், பாட்டுக்காரன், கெழவன் என்று அவரே பெயர் வைத்தார். பத்தாவது கோப்ரல். கொழுந்து எடுக்கும்போது இந்தப் பத்தையும் முணுமுணுத்துக்கொண்டே எடுப்பார் என்று அம்மா சொன்னார். மாரியம்மன் கோவிலில் பத்துப் பேருக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னார். ஐயருக்குப் பல்லன் என்று சொல்லத் தயக்கம்.

அவர் நினைத்தது என்னவென்றால், அந்தப் பத்துப் பேரும் நிரை மாதிரி. ஒருமுறை பக்கத்துப் பக்கத்தில் நின்றுவிட்டால் கடைசிவரை பக்கத்துப் பக்கம்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பிறகு குரல் செய்தி வருவது நின்றுபோனது.

முதலில் சிக்னல் இல்லை என்று சமாதானம் சொன்னேன். போன் உடைந்திருக்கும் என்றேன். அக்கா கடைக்கு வந்து, பழைய செய்திகளைப் போடச் சொல்லி, வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே கேட்பார். நடை நிற்காது. என் கடையே அப்போது ஒரு ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது, எந்நேரமும் யாரோ வரப்போவதாக. பஸ் நின்றால் எட்டிப் பார்ப்பார். யாருடைய போன் அடித்தாலும் திரும்புவார். எனக்கும் தூக்கம் கெட்டது. ஏஜென்சிக்காரனின் இலக்கம் வேலை செய்யவில்லை.

கொழும்பில் வெளிநாட்டு விவகாரம் பார்க்கிற ஒரு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல பெண்தான், குறை சொல்ல முடியாது. தமிழிலேயே பேசினார். எந்தப் பிரிகேட், எந்தப் பட்டாலியன் என்று கேட்டார். அக்கா மூச்சு விடாமல் பத்துப் பெயரையும் சொன்னார். தேக் வரைக்கும் எழுதிக்கொண்டுவந்த அந்தப் பெண், செவலையன் வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டார்.

"அம்மா, இது அடியில உள்ளது. எங்களுக்கு மேல உள்ளது தெரியணும். அந்த நாட்டுக்காரங்ககிட்ட நாங்க மேல இருந்துதான் கேக்கலாம்."

"மேல உள்ளவுங்களுக்கு இவனத் தெரியாதேம்மா" என்றார் அக்கா.

அந்தப் பெண் தண்ணீர் போத்தலை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தார். ரயிலில் ஹட்டன் வரைக்கும் அக்கா கதவருகே நின்றே வந்தார். உட்காருங்க என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவருக்கு மேலே ஏறுகிற வெறி பிடித்தது. ஆமியில் இருந்தவன் என்று யாரைக் கேள்விப்பட்டாலும் போய் நிற்பார். ஹட்டனில் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு இருந்த பழைய சார்ஜன்ட் ஒருவரை விடவே இல்லை. ஆள் காணாமல் போனால் யார் யாருக்குச் சொல்வது, அது எப்படி மேலே போகும் என்று கேட்டார். செக்ஷன் கோப்ரல் பிளட்டூனுக்குச் சொல்வான், பிளட்டூன் கொம்பனிக்கு, கொம்பனி பட்டாலியனுக்கு, அங்கிருந்து பிரிகேட்டுக்கு என்று அவர் விரல் மடக்கிச் சொன்னார். அக்கா ஒவ்வொரு விரலையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்த மனிதர் என்னைத் தனியே கூப்பிட்டு, செக்ஷனே முழுதாகப் போய்விட்டால் கீழேயிருந்து சொல்ல ஆள் இருக்காது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அக்கா, "அவரு சொன்னது கேட்டுச்சு தம்பி" என்றார்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கடை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். மழைத்தூறல். கையில் ஊன்றுகோல். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது. சசியின் அம்மா வீடு எது என்று சிங்களத்தில் கேட்டான். நேராக நிற்கிற அந்த நிலையை வைத்துத்தான் எனக்கு நிமல் என்று அடையாளம் தெரிந்தது. திறந்த கடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு த்ரீவீலில் அவனை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். வழியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அக்கா எங்களைப் பார்த்ததும் முதலில் அவனுக்குப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. இஸ்தோப்பில் வாங்குப் பலகையைத் துடைத்து, "ஒக்காருங்க மல்லி" என்றார். தேயிலைச் சாயத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். தான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் சிங்களத்தில் பேசியதை நான் நம் தமிழில் எழுதுகிறேன்.

நிமல் சுற்றி வளைக்கவில்லை. அந்தப் பத்துப் பேர் பத்துப் பேராக இருந்தது முதல் சண்டை வரைக்கும்தான் என்றான். அதில் நாலு பேர் போனார்கள். மிஞ்சியவர்களோடு வேறு செக்ஷனில் மிஞ்சியவர்களைச் சேர்த்து, அதையும் ஒரு செக்ஷன் என்றார்கள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கலைத்துக் கலைத்துச் சேர்ப்பார்கள். அப்படியும் அவனும் சசியும் எப்படியோ ஒன்றாகவே இருந்தார்கள்.

"ஒருநாள் காலையில ஆபீசர் வந்தார் அக்கே. எனக்கு அனுபவம் இருக்குன்னு பக்கத்து செக்ஷனுக்குத் தலைவனாப் போகச் சொன்னார். சசி என் பைப்பட்டியப் பிடிச்சுக்கிட்டான். போகாதீங்கண்ணேன்னான். சாயங்காலம் பாப்போம்னு சொல்லிட்டுப் போனேன். உத்தரவு அக்கே. அவங்க செக்ஷன ஒரு வயலத் தாண்டி மரங்க இருக்க பக்கம் அனுப்பினாங்க. யாரும் திரும்பல. நான் தேடினேன். மறுநாளும் தேடினேன். அப்புறம் என் கால் போச்சு."

"செத்தத யாராச்சும் பாத்தாங்களா?"

"இல்ல அக்கே. பாத்தவங்க யாரும் இல்ல."

"அன்னைக்கு அவன் பக்கத்துல யாரு?"

"புதுசா வந்தவங்க. பேர் தெரியாது" என்றான்.

எனக்கு அந்த நேரத்தில் நிமலைப் பிடிக்கவில்லை. அவனுடைய காலைப் பார்த்தும் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவனை எதற்காக இங்கே கூட்டி வந்தேன் என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

"நான் போயிருக்க மாட்டேன்" என்றார் அக்கா.

"தெரியும் அக்கே."

"என்னா தெரியும்? எனக்கும்தான் மேல இருந்து சொன்னாங்க. நான் போகல."

"தெரியும். காதுகேக்காத பொம்பள, குளவி, மீசைக்காரர். சசி சொல்லியிருக்கான். அன்னைக்குக் காலையில பையப் பிடிச்சுக்கிட்டும் அதத்தான் சொன்னான். எங்கம்மாவா இருந்தா போக மாட்டாங்கண்ணேன்னான்."

அதைச் சொல்லிவிட்டு நிமல் அழுதான். அக்கா அழவில்லை. கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு கிளாஸைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தபோது முகம் கல்லாக இருந்தது. வலப்பனையில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

"யாரும் இல்ல. பொஞ்சாதி புள்ளயக் கூட்டிக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போயிட்டா. ஏஜென்சிக்குக் குடுக்க நான் நகையெல்லாம் அடகு வச்சது அவளுக்கு ஆறல. நான் ஒரு அறையில இருக்கேன்."

"சமைக்கிறது?"

"நானே."

ஹட்டன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நிமல் எழுந்தான். த்ரீவீல்காரன் எப்போதோ போய்விட்டிருந்தான். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் பாதை கருங்கல் படி, மழையில் பாசி. நான் அவன் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், குடையை விரித்துக்கொண்டு அக்கா அவனோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். கால் இல்லாத பக்கமாக நடந்தார். அவன் சறுக்கும்போதெல்லாம் அவர் தோள் அங்கே இருந்தது. ஆனால் அவன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

பஸ் வந்தது. நானும் கண்டக்டருமாக நிமலை ஏற்றி ஜன்னலோரம் உட்காரவைத்தோம். பக்கத்தில் மரக்கறிச் சாக்கோடு ஒரு ஐயா உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி வந்தேன். அக்கா வழக்கம்போல ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

"நீங்க எதுவரைக்கும்ங்க?"

"ஹட்டன் வரைக்கும்" என்றார் அந்த ஐயா.

"அதுக்கு அங்கிட்டு?"

"நான் ஹட்டன்ல எறங்கிருவேன்மா."

அக்கா என்னைப் பார்த்தார். அதற்கு அங்கிட்டு நுவரெலியா பஸ், அங்கே இறங்கி வலப்பனை பஸ், பிறகு அந்த அறை. கண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டினான். குடையை மடக்காமலே என் கையில் கொடுத்துவிட்டு அக்கா ஓடிப்போய் ஏறினார். காலில் வீட்டுச் செருப்பு, கையில் பையில்லை, தலை நனைந்திருந்தது. உள்ளே ஆட்களை விலக்கிக்கொண்டு போய், மரக்கறி ஐயாவை எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பினார். நிமல் என்னவோ சொல்லித் தடுத்தான். அவர் கேட்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பஸ் நகரும்போது அவனைத் தாண்டி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"தம்பி, காம்பரா தெறந்து கெடக்கு. பூட்டிட்டுப் போ."